பிரஷ் எண்ணுகிற அம்மா

அந்தம்மா யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பேசுவார். நாம் பேசி முடித்த பிறகும் பார்வை அங்கேயே நிற்கும். மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போல இருக்கும். எனக்குக் கை தானாக வாய்க்குப் போகும்.

தொழில் கல்யாணத் தரகு. கண்டி டவுனிலும், அக்குறணைப் பாதையிலும், நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் எங்கள் சனத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசி முடிப்பவர். பெயர் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எல்லாரும் அம்மா என்றார்கள். அவர் படி இறங்கிப் போன பிறகு பல்லுக்காரி என்றார்கள்.

வயது அறுபதுக்கு மேல். அத்தனை பல்லும் இருந்தது. அதுவே எங்களுக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்தில் அறுபதில் பாதிப் பல் இருந்தாலே பெரிய விஷயம்.

"அம்புட்டும் கட்டுன பல்லு," என்றார் என் வீட்டுக்காரர். "இல்லாட்டி சிரிக்க மாட்டாளா? சிரிச்சா கழண்டு விழுந்துரும்னு பயம்."

பக்கத்து வீட்டு புஷ்பா சோதித்தே பார்த்தாள். அந்தம்மா அவள் வீட்டுக்குப் போனபோது, நல்ல இறுகிப்போன முறுக்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"கடக்கு முடக்குன்னு தின்னுட்டாங்க அக்கா. கட்டுன பல்லு இல்ல. பெறகு ஒரு செம்பு தண்ணி கேட்டு வாங்கி, முத்தத்துல நின்னு நாலு தடவ கொப்பளிச்சாங்க. என் முறுக்குல அவ்வளவு அழுக்கா?"

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ஏற்றத்தில். இரண்டு அறை. பைப் வெளியே, பின்பக்கம். வீட்டுக்காரர் கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். நான் டவுனில் ஒரு கட்டடத்தில் கூட்டித் துடைக்கிறேன். மகள் சுகந்தி புடவைக் கடையில் நிற்கிறாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு. அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. இருபத்தெட்டு முடிந்தால் ரெண்டாம் தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று சனம் சொல்லத் தொடங்கிவிட்டது. என் முன்னாலேயே சொன்னார்கள். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அதனால்தான் அந்தம்மாவைக் கூப்பிட்டேன்.

முதல் நாள் வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பஸ்ஸுல வந்த கை. கழுவணும். பைப் எங்க?"

காட்டினேன். போனவர் வரவே இல்லை. கை கழுவ இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தேன். குனிந்து நின்றார். பைப்புக்குப் பக்கத்துச் சீமெந்துக் கட்டின் மேல் ஒரு ஜாம் போத்தல் இருக்கும். அதில்தான் பிரஷ் வைப்போம். அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல எத்தன பேரு?"

"மூணு பேருங்க."

"பிரஷ் ஒன்னுதானே இருக்கு?"

"அது மகளோடது. நாங்க ரெண்டு பேரும் வெரல்ல வெளக்குவோம். கரித்தூளும் உப்பும்."

"ராத்திரிக்கு?"

எனக்கு விளங்கவில்லை. "ராத்திரிக்கு என்னா?"

"ராத்திரிக்கு வெளக்குறது இல்லையா?"

"ராத்திரி வாய யாருங்க பாக்கப் போறா?"

போத்தலைக் கீழே வைத்தார். பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். தேத்தண்ணி ஊற்றியிருந்தேன், குடிக்கவில்லை. மகளின் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பாத்துச் சொல்றேன்," என்றார். போய்விட்டார்.

இரண்டு மாதம் பேச்சே இல்லை. போன் எடுத்தால், "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்பார்.

எனக்குக் கோபம். பெண் பார்க்க வந்தவளுக்குப் பைப்படியில் என்ன வேலை? பைப்படியில் நின்றால் வீட்டை முழுசாகப் பார்க்கலாம். கொடியில் என்ன துணி காய்கிறது, என்ன சவர்க்காரம் பாவிக்கிறோம், சட்டி பானை எத்தனை, எல்லாம் தெரியும். பிரஷ் ஒரு சாக்கு என்று நினைத்தேன். எங்களுக்கு வசதி இல்லை என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

புஷ்பாதான் இல்லை என்றாள். அவளுடைய அக்கா மகளுக்கு டவுனில் கடை வைத்திருக்கிற இடம் ஒன்று வந்ததாம். வசதியான வீடு. மாப்பிள்ளை, தம்பி, தகப்பன். அந்தம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றாராம்.

"ஏம்மா வேணாங்கிறீங்கன்னு கேட்டாங்க. மூணு ஆம்பளைக்கு ஒரு பிரஷ்ஷாம் அக்கா. ஒரே பிரஷ்ஷ மூணு பேரும் வாயில வைக்கிற வீட்டுல, வாற பொண்ணுக்குன்னு தனியா ஒரு சாமான் இருக்குமான்னு கேட்டாங்களாம். அக்கா அழுதுச்சு. மாமா அந்தம்மாவ இனி படி ஏறாதன்னுட்டாரு."

"பெறகு?"

"பெறகு என்னா. வேற எடம் பேசிக் குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கா."

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கம்தான். மார்க்கெட்டுக்கு வெளியே நடைபாதையில் விற்பவனிடம் மூன்று பிரஷ் வாங்கினேன். சிவப்பு, நீலம், பச்சை. புதுப் பேஸ்ட் ஒன்றும் வாங்கினேன். ஜாம் போத்தலைக் கழுவி, மூன்றையும் அழகாக நிறுத்தி வைத்தேன். அந்தம்மாவுக்குப் போன் எடுத்து, ஒரு எட்டு வந்து போங்க என்றேன்.

காலையில் ஏழரைக்கு வந்து நின்றார். அவ்வளவு வேளையோடு வருவார் என்று நினைக்கவில்லை. நேராகப் பின்னுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். போத்தலைத் தூக்கினார். பெருவிரலால் ஒவ்வொரு பிரஷ்ஷாகத் தடவினார்.

"எந்திரிச்சு எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சேங்க."

"மூணும் காஞ்சு கெடக்கு."

போத்தலை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"சந்தைக்கு வச்ச மாதிரி வச்சிருக்கீங்க. யாருக்கு இது, எனக்கா?"

சுகந்தி வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். அவளுடைய பழைய பிரஷ்ஷை நான் எடுத்து எறிந்துவிட்டேன், அதனால் அன்றைக்கு அவளும் விரலால்தான் விளக்கியிருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தம்மா சிரிக்கவில்லை. பைப்படிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்தார்.

"சாதகத்த எழுதிக்கலாம்," என்றார். "சேலைய எரவல் வாங்கலாம். போட்டோவுல கறுப்ப செவப்பாக்கலாம். நான் இருபது வருசமா பொய்யத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். யாரும் பாக்காத நேரத்துல ஒரு மனுசன் தன் வாய என்னா செய்றான்னு பாத்தா போதும். அத ஒரு நாள்ல செஞ்சு காட்ட ஏலாது."

பிறகு என்னை வாயைத் திறக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"ஈறுல ரத்தம் வருதா?"

அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று நாலு வருடமாக. ஒரு காலத்தில் நானும் பிரஷ் வைத்திருந்தேன். ரத்தம் வருகிறது என்று விட்டவள்தான்.

"ரத்தம் வந்தா நிப்பாட்டக் கூடாது. அங்க அழுக்கு நிக்குது, அதான் ஈறு வீங்குது. கரித்தூள் போட்டு ராவினா பல்லும் தேஞ்சு போகும். மெதுவான பிரஷ் வாங்குங்க. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல சாச்சு வச்சு, சின்னச் சின்ன வட்டமா. தரைக்கு பிரஷ் போடுற மாதிரி இழுக்காதீங்க. மனசுக்குள்ள நூத்தி இருபது எண்ணுங்க. காலைல ஒருக்கா, படுக்கப் போக முந்தி ஒருக்கா. ராத்திரி வெளக்கின பெறகு பச்சத்தண்ணி மட்டும்தான்."

பையைத் திறந்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளைகளின் போட்டோ, சாதகம். மறுபக்கம் ஓட்டை போட்ட சவர்க்காரப் பெட்டி, அதற்குள் அவருடைய பிரஷ். பக்கத்தில் வெள்ளை நூல் உருண்டை. ஒரு முழம் அறுத்து இரண்டு விரலிலும் சுற்றி, பல்லுக்கு நடுவே விட்டு எடுத்துக் காட்டினார். எனக்கும் அறுத்துக் கொடுத்தார்.

"அறுக்காதீங்க. தடவி எடுங்க. என்னா வருதுன்னு பாருங்க."

பார்த்தேன். முதல் நாள் இரவு தின்ற கீரை வந்தது. கூடவே ரத்தம்.

"ரெண்டு கெழமையில நிக்கும். நிக்காட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. கடவாப் பல்லு ஆடினா அடுத்த நாளே போங்க, காத்திருக்காதீங்க."

நான் நம்பவில்லை. ஆனால் செய்தேன். இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்து ஒரு காலையில் துப்பினேன். வெள்ளையாக இருந்தது. மறுநாளும் வெள்ளை. அந்தம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் அந்தம்மாவுடைய பேச்சு எடுபடவில்லை. வீட்டுக்காரர் வெற்றிலையும் போயிலையும் அடக்கியபடி மூட்டை தூக்குபவர். அது இல்லாவிட்டால் முதுகு நிமிராது என்பார்.

"கன்னத்துக்குள்ள வெள்ளையா ஏதாவது படிஞ்சிருக்கா? காரம் பட்டா எரியுதா? ஒருக்கா காட்டுங்க," என்று கேட்டார் அந்தம்மா.

"மாப்பிள்ள புள்ளைக்கா, எனக்கா? என் வாய எதுக்கு பாக்குறீங்க?"

"போயிலைய விடுங்க."

"நீங்க தரக விடுங்க, நான் போயிலைய விடுறேன்."

அந்தம்மா வீட்டுக்காரருடைய நீலப் பிரஷ்ஷை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

வெற்றிலைதான் அந்தம்மா மேல் எல்லாருக்கும் இருந்த பெரிய குறை. கல்யாணம் பேசுகிற இடத்தில் வெற்றிலைத் தட்டு நீட்டுவார்கள். அந்தம்மா எடுப்பார், கண்ணில் ஒற்றுவார், பையில் போடுவார். வாயில் போடமாட்டார். பெரியவர்களுக்கு முகம் கறுத்துப்போகும். வெற்றிலையை வாயில் போடாதவள் பேசின கல்யாணம் எப்படி விளங்கும் என்று கேட்டார்கள். அவர் பேசி முடித்த கல்யாணங்கள் விளங்கிக்கொண்டுதான் இருந்தன. அதனாலும் சந்தேகப்பட்டார்கள்.

அவருக்கு வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. கம்பளை என்றார் ஒருவர். மாத்தளை என்றார் இன்னொருவர். ஒரு நாள் மத்தியானம் குட்செட் பஸ் நிலையத்தில், பைப் பக்கம், அவரைக் கண்டேன். கண்ணை மூடிக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார். சனம் இடித்துக்கொண்டு போனது. அவர் அசையவில்லை. எண்ணுகிறார் என்று தெரிந்தது. நான் நின்று பார்த்தேன். வீடு இருக்கிறவள் பஸ் நிலையத்தில் பல் விளக்குவாளா? எல்லார் வீட்டுப் பின்பக்கமும் தெரிந்தவளுக்கு ஒரு முன்பக்கம்கூட இல்லையா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியாது. இதை எழுதுகிற இப்போது அவருடைய நம்பருக்கு எடுத்தால் வேறு யாரோ சிங்களத்தில் பேசுகிறார்கள்.

ஆறாம் மாதம் நாவலப்பிட்டி இடத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு. கடையில் கணக்குப்பிள்ளை வேலை. தாயும் மகனும் மட்டும். அக்கா ஒருத்தி கட்டிக்கொடுத்து வவுனியாவில். அவர்கள் வந்து சுகந்தியைப் பார்த்தார்கள். பிடித்தது. சுகந்திக்கும் பிடித்தது. இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் வேலை விட்டு வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது.

வீடு பார்க்க நாங்கள் போனோம். நான், வீட்டுக்காரர், அந்தம்மா. ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. சீமெந்து போட்டு வழுவழுவென்று இருந்தது. மாப்பிள்ளையின் தாய் நல்ல பேச்சுக்காரி. லட்டும், சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியும் வந்தன. அந்தம்மா பாதி லட்டுத் தின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனிப்பு தின்னா வாய் கொப்பளிக்கணும். போங்க, பின்னால பைப் இருக்கு."

எனக்கு எரிச்சல். வந்த இடத்திலுமா?

மாப்பிள்ளையின் தாய் எழுந்துவிட்டார். "ஏங்க எந்திரிக்கிறீங்க, நான் இங்கயே தண்ணி கொண்டாறேன்."

"வீட்டுக்குள்ள துப்ப ஏலாதுங்க," என்றார் அந்தம்மா. "அவங்க போகட்டும்."

போனேன். கொப்பளித்தேன். பைப்படிக் கட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப் இருந்தது. நான் பார்க்க நினைக்கவில்லை. கண் போய்விட்டது. இரண்டு பெரிய பிரஷ். அதற்கு நடுவில் ஒரு சின்னப் பிரஷ். மஞ்சள் பிடி, நுனியில் வாத்துத் தலை. கை தானாகப் போய்த் தொட்டது.

ஈரம்.

பின்னால் காலடிச் சத்தம். மாப்பிள்ளையின் தாய் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அது பக்கத்து வீட்டுப் புள்ளையோடதுங்க. இங்கதான் வெளையாடும்."

"சரிங்க," என்றேன்.

கொடியைப் பார்த்தேன். சின்னத் துணி ஒன்றுகூட இல்லை. சின்னச் செருப்பு இல்லை. விளையாட்டுச் சாமான் ஒன்று இல்லை. விளையாட வரும் பிள்ளை ஒரு பந்துகூட விடாமல் பிரஷ்ஷை மட்டும் விட்டுப் போகுமா?

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வெற்றிலை மாற்றுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிக் கிளம்பினோம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. வீட்டுக்காரருக்கு வெற்றிலை வாங்குவது போல அங்கே போனேன். கடைக்காரப் பெண்ணிடம் அந்த வீட்டைக் காட்டினேன்.

"அந்த வீட்டுப் புள்ளைக்கு இப்ப என்னா வயசு?"

"நாலு முடியப் போகுது," என்றாள் பாக்கை நறுக்கியபடி. "காலைல இருந்து எங்க வீட்டுலதான் இருக்கு. யாரோ வாறாங்கன்னு கொண்டாந்து விட்டாங்க. பாவம், தாய் குவைத்துல. வாற வருசம் வருமாம்."

"தகப்பன்?"

"அந்த வீட்டு கணக்குப்பிள்ளதான். நீங்க யாரு?"

வெற்றிலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பெண்டாட்டி வெளிநாட்டில் இருக்கிறாள், இங்கே மகளைக் கேட்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"இருங்க, போய் நாலு போட்டுட்டு வாறேன்."

"பஸ் வருது," என்றார் அந்தம்மா. "ஏறுங்க."

பஸ்ஸில் நான் அந்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பளை வந்தது. அதற்குள் எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. எல்லார் வீட்டிலும் பிரஷ் எண்ணுகிறவள் அந்த வீட்டில் மட்டும் எண்ணாமல் இருந்திருப்பாளா?

"இதுக்கு முந்தி அங்க போயிருக்கீங்கதானே?"

"ரெண்டு தடவ."

"பின்னுக்கும் போனீங்களா?"

"போகாம?"

"எத்தன இருந்துச்சு?"

வெளியே பார்த்தார். "மூணு."

"தெரிஞ்சுக்கிட்டே என் புள்ளைய கொண்டுபோய்த் தள்ளப் பாத்தீங்களா?" சத்தம் கூடிவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"சின்னது யாரோடதுன்னு மாப்பிள்ளையோட தாய்கிட்ட கேட்டேன். மக புள்ள வந்து போகும்னாங்க. மக வவுனியாவுல, அம்புட்டு தூரத்துல. இன்னைக்கு உங்ககிட்ட என்னா சொன்னாங்க?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைன்னாங்க."

"எனக்கு ஒரு கத, உங்களுக்கு ஒரு கத. அத கேக்கத்தான் உங்கள அனுப்பினேன்."

"முந்தியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? வாத்துப் பிரஷ்ஷ பாத்துட்டு நல்ல எடத்த கெடுக்குறா பல்லுக்காரின்னு சொல்லியிருப்பீங்க."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"நான் பாக்காம வந்திருந்தா?"

"பாப்பீங்க. என்னையே நம்பாத ஆளு நீங்க."

அதோடு கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் தாயிடம் அவர் முன்பே கேட்டிருக்கலாம். அல்லது பஸ்ஸில் வைத்து அந்த நிமிடம் கட்டிச் சொல்லியிருக்கலாம். நான் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் சுகந்தியிடம் சொன்னேன். "ஒரு பிரஷ்ஷ வச்சா முடிவு பண்ணிட்டு வந்தீங்க?" என்றாள். பெட்டிக்கடையில் கேட்டதையும் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த மாப்பிள்ளையே போன் எடுத்தான். எனக்கும் கேட்கட்டும் என்று சுகந்தி போனைச் சத்தமாக வைத்தாள்.

"அது முடிஞ்ச கத சுகந்தி. அவ வரமாட்டா. கொழந்தைய பத்தி கல்யாணத்துக்குப் பெறகு சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் அத எங்க ஒளிச்சு வைப்பீங்க?" என்றாள்.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

எனக்கு அந்தப் பிள்ளையின் நினைப்பு பல நாள் இருந்தது. பார்த்ததே இல்லை. தாய் பக்கத்தில் இல்லாமலும் காலையில் எழுந்து ஒழுங்காகப் பல் விளக்கியிருக்கிறது. பெரியவர்கள் மறைத்ததை அதுதான் காட்டிக் கொடுத்தது.

அதன் பிறகு ஐந்தாறு மாதம் அந்தம்மாவை நாங்கள் கூப்பிடவில்லை. அவராகவே போன் எடுத்தார். அக்குறணைப் பாதையில் ஒரு இடம். பையன் கரண்ட் வேலை செய்கிறான். தாயும் மகனும்தான்.

"ஆளு ரெண்டு," என்றார். "பிரஷ் ரெண்டு. ஈரம்."

"சரிங்க, யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடமும் மகளிடமும் சொல்லாமல், பஸ் ஏறினேன். முகவரி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். பையனின் தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணுடைய தாய் என்று சொன்னேன். சுளகைக் கீழே வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க. தண்ணி குடிக்கவா, கை கழுவவா?"

கழற்றிய செருப்போடு வாசலிலேயே நின்றேன்.

"உங்க தரகரம்மா மூணு தடவ வந்துட்டாங்க. ஒருக்கா தண்ணின்னாங்க. ஒருக்கா கால்ல சேறுன்னாங்க. மூணாவது தடவ ஒன்னும் சொல்லல, நேரா பின்னுக்குப் போயிட்டாங்க. போங்க, நீங்களும் பாருங்க. தொட்டும் பாக்கலாம்."

போனேன். தொட்டேன். இரண்டும் ஈரம்.

அவர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். "உங்க வீட்டப் பத்தியும் சொன்னாங்க."

"என்னான்னு?"

"மூணு பிரஷ்ஷாம். தாயோடதும் மகளோடதும் எப்ப போனாலும் ஈரமாம். தகப்பனோடது மட்டும் ஒரு நாள் ஈரம், நாலு நாள் காஞ்சு கெடக்குமாம். கேட்டா வெளக்கினேம்பாரு, நம்பாதீங்கன்னாங்க."

எப்ப போனாலும் என்றால், நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போன பிறகு வந்து பார்த்திருக்கிறார். எங்கள் பைப் வெளியே இருக்கிறது. யாரும் வரலாம். எத்தனை தடவை வந்தாரோ. ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களைப் பற்றிய குறையையும் மறைக்காமல் இங்கே வந்து சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணுதானே எங்க வீட்டுக்கு வருது, தகப்பனா வாறாருன்னேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இருவருமாக அரிசியைப் புடைத்து முடித்தோம். தை மாதத்தில் வைத்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் மார்க்கெட்டிலிருந்து வந்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வெத்தலைய துப்பிட்டு பல்லு வெளக்கினீங்களா?"

"வெளக்காம? நீ எங்க போய்ட்டு வாற?"

பதில் சொல்லாமல் பின்னுக்குப் போனேன். போத்தலில் நீலப் பிரஷ்ஷைத் தொட்டேன். காய்ந்து கிடந்தது. பக்கத்தில் பேஸ்ட் காலையில் நான் மூடி வைத்தபடியே இருந்தது.

"ஏங்க," என்று சத்தம் போட்டேன். "இங்க வாங்க."